‘கட்டப்பட்டது’ என்றால், கட்ட முடிவெடுத்தவர் யார்?

“கேம்ப்பில் தேர்தல் அரசியல் இல்லை; அதனால்தான் சாலைகள் அகலமாக, மரநிழலோடு இருக்கின்றன. நகரத்துக்குள் போய்ப் பாருங்கள்: வீதிக்கொரு கட்சி, மூலைக்கொரு குழி.” பூனாவுக்குப் படிக்க வந்த நாளிலிருந்து இவ்வாக்கியத்தைத் தேநீர்க்கடைகளில் கேட்டுவருகிறேன். அங்கே அது மன்னிக்கத்தக்கது. சென்ற வாரம் ஓர் ஆய்வரங்கில் இதே கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர வரலாற்றின் முடிபாகவே முன்வைக்கப்பட்டது. “குடிநீர், சந்தை, சாலை எல்லாம் வாக்கெடுப்பால் வந்தவை அல்ல, தீர்மானத்தோடு செயல்பட்ட அதிகாரிகளால் வந்தவை” என்றார் ஒருவர். அவையில் பல தலைகள் அசைந்தன. நேரம் முடிந்துவிட்டதென்று கேள்விக்கு இடம் தரப்படவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் இரண்டு சந்தைகளைக் காட்டுகிறேன். இரண்டும் பூனாவில், ஏறத்தாழ ஒரே காலத்தில், 1880களில் எழுந்தவை. ஒன்று நகருக்குள், சுக்ரவார் பேட்டையில் 1886-இல் திறக்கப்பட்டது. அன்றைய பம்பாய் ஆளுநர் ரே பிரபுவின் பெயரால் ‘ரே மார்க்கெட்’ எனப்பட்டது. இன்று மகாத்மா ஃபுலே மண்டயீ. மற்றொன்று நான் குடியிருக்கும் கேம்ப்பில் உள்ளது. விக்டோரியா அரசியின் மகனாகிய கன்னாட் கோமகனின் பெயரால் ‘கன்னாட் மார்க்கெட்’ எனப்பட்டது. இன்று சிவாஜி மார்க்கெட். இரண்டும் கற்கட்டடங்கள். இரண்டும் ஆங்கிலேயப் பெயரோடு பிறந்து மராத்திய மண்ணின் பெயரைப் பின்னர் பெற்றவை. சுற்றுலாக் கையேட்டுக்கு இரண்டும் ‘காலனியக் கட்டடக்கலையின் எடுத்துக்காட்டுகள்’. அத்தோடு கதை முடிந்தது.

வரலாற்று மாணவருக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. நகரத்துச் சந்தையைக் கட்டலாமா என்ற கேள்வி நகராட்சி அவையில் எழுந்தது. அதை எதிர்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் நமக்குத் தெரியும்: ஜோதிராவ் ஃபுலே. 1876 முதல் 1880களின் தொடக்கம் வரை அவர் அந்த அவையின் உறுப்பினர். அவ்வளவு பணத்தைக் கட்டடத்தில் கொட்டுவதைவிட ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் தோற்றார், சந்தை எழுந்தது. கேம்ப்பின் சந்தையை எதிர்த்தவர் யார்? கண்டோன்மென்ட்டை இராணுவ அதிகாரிகளும் அவர்களது குழுவும் ஆண்டனர். எதிர்க்கும் உரிமையோடு அங்கே உட்கார ஒருவருக்கும் நாற்காலி இல்லை. எதிர்ப்பு இருந்திருக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. எதிர்ப்பைப் பதிந்துவைக்கும் ஏடு இல்லை என்றே பொருள்.

இங்கே நான் படித்த மொழியியல் குறுக்கிடுவதைப் பொறுத்தருள்க. ‘வந்தான்’ என்று மட்டும் சொன்னால் தமிழில் அது தோன்றா எழுவாய். வினைமுற்றின் ஈறே ‘அவன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். ‘கட்டப்பட்டது’ அப்படியன்று. செயப்பாட்டுவினையில் கட்டிய பொருளே எழுவாயாகிவிடும். செய்தவர் ‘ஆல்’ உருபோடு ஓரத்தில் நிற்பார். அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டால் அவரை மீட்க இலக்கணத்தில் வழியே இல்லை. மராத்தியிலும் இதே வசதிக்கு ‘பாந்தண்யாத் ஆலே’ என்றொரு தொடர் உண்டு. 1885-இல் வெளிவந்த பூனா மாவட்ட கெஜட்டியரின் ஆங்கிலம் இந்த நடையிலேயே ஊறியது. அதைப் பார்த்து எழுதும் நம் ஆய்வேடுகளும் அப்படியே. “நீர்க்குழாய் பதிக்கப்பட்டது, சாலை அகலப்படுத்தப்பட்டது, சந்தை கட்டப்பட்டது.” இந்நடையில் ஐம்பது பக்கம் எழுதிய பின், முன்னேற்றம் தானாகவே நிகழ்ந்தது என்ற முடிவுக்கு வருவதில் வியப்பென்ன? நம்முடைய வினைமுற்றே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

இனி, ‘ஃபுலே முன்னேற்றத்தின் எதிரி’ என்ற கிண்டலுக்கு வருவோம். “எந்தச் சந்தையை எதிர்த்தாரோ அந்தச் சந்தைக்கே அவர் பெயர்” என்று சிரிப்போர் உண்டு. 1930களின் இறுதியில், ஆச்சார்ய அத்ரே நகராட்சியில் இருந்த காலத்தில், இப்பெயர் மாற்றம் நடந்தது. சிரிப்பதற்கு முன் ஃபுலே யாரென்று பார்க்கலாம். 1882-இல் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் அவர் தம்மை வணிகர், பயிர்த்தொழில் செய்பவர், நகராட்சி உறுப்பினர் என்றே குறித்துக்கொள்கிறார்; ஒப்பந்தக்காரராகவும் இருந்தவர் அவர். கல்லும் சுண்ணாம்பும் என்ன விலை, எங்கே எவ்வளவு கசியும் என்று அந்த அவையில் அவரைவிட அறிந்தவர் சிலரே இருந்திருப்பர். 1883-இல் எழுதிய ‘சேத்கர்யாசா ஆசூட்’ நூலில் அணை, ஏரி, மண்ணரிப்பைத் தடுக்கும் கரை ஆகியவற்றை அரசு கட்டித்தர வேண்டுமென்று விரிவாகக் கேட்கிறார். படையினரையும் காவலரையும் அப்பணியில் இறக்கலாம் என்றுகூடச் சொல்கிறார். 1868-இலேயே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளானோருக்குத் திறந்துவிட்டவர் அவர். பொதுப்பணியை வெறுத்த மனிதரின் வாழ்க்கை இதுவன்று.

அவர் கேட்டது முன்னுரிமை பற்றிய கேள்வி. யார் கட்டிய வரி, யாருக்கு முதலில்? ஒரு நகராட்சியின் வரவு செலவில் இதைவிட அடிப்படையான கேள்வி இல்லை. அதிகாரியின் கோப்பில் இக்கேள்விக்கு இடமில்லை. ஏனெனில் அங்கே முன்னுரிமை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எதிர்ப்புக் குரலுக்கு இடமுள்ள அவையில்தான் இது கேள்வியாகவே உருப்பெறுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க விரும்பவில்லை. “அந்த நகராட்சி என்ன சனநாயகமா?” என்று கேட்பார்கள். இல்லை. 1850-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தின்கீழ் அந்தப் பத்தாண்டின் இறுதியில் உருவான அவை அது. ஃபுலே உட்பட அன்றைய உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். 1882 மே மாதம் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டு, 1884-இல் பம்பாயிலும் சென்னையிலும் புதிய சட்டங்கள் வந்த பின்னும், வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளோருக்கே. பெண்களுக்கு இல்லை, சேரிக்கு இல்லை. ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று நம்மூரில் பாடியவர்களும் பெரும்பாலும் படித்த, சொத்துள்ள வகுப்பினரே. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவ்வுண்மையிலிருந்து ‘ஆகவே அவையும் கண்டோன்மென்ட்டும் ஒன்றே’ என்று முடிப்பது தர்க்கப் பிழை. குறைபட்ட அவையிலும் தீர்மானம் வாசிக்கப்பட வேண்டும், ஆதரவும் எதிர்ப்பும் எண்ணப்பட வேண்டும், ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஒரு நடைமுறையால்தான், தோற்ற ஒரு மனிதரின் வாதம் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தோற்றவரின் பெயர் எஞ்சும் ஆட்சிக்கும், தோற்றவரே இல்லையெனக் காட்டும் ஆட்சிக்கும் வேறுபாடு உண்டு.

“கேம்ப் சுத்தமாக இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். இருக்கிறது, ஏனென்று பாருங்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் உடல்நலம் குறித்த அரச ஆணையம் 1863-இல் அறிக்கை அளித்தது. படைவீரர்களின் ஆண்டு இறப்பு ஆயிரத்துக்கு 69 என்று அது கண்டது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது போர் அன்று. காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமே. அதன் பிறகுதான் கண்டோன்மென்ட்டுகளின் வடிகாலும் குடிநீரும் அரசின் தலையாய கவலையாயின. 1869-இல் தொடங்கிய கடக்வாஸ்லா அணையும் மூட்டா கால்வாயும் பாசனத்துக்கு மட்டுமல்ல, பூனா, கிர்க்கி இராணுவக் குடியிருப்புகளின் தண்ணீருக்காகவும் திட்டமிடப்பட்டவை. கேம்ப்பின் அகலச் சாலை, அதன் ஓரத்தில் காய்கறி விற்ற கிழவிக்காகப் போடப்படவில்லை. முடிவெடுத்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தங்களுக்கே செய்துகொண்டார்கள், திறமையாகவே செய்தார்கள். அதை ‘அரசியலற்ற நல்லாட்சி’ என்று நாம் பெயரிடுவது, விருந்தில் பரிமாறுபவரே முதல் இலையில் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்துப் பந்தி ஒழுங்காக நடந்தது என்று பாராட்டுவது போன்றது.

சென்னைக்காரர்கள் தள்ளிநின்று பார்க்க வேண்டாம். நம் மூர் மார்க்கெட் 1900-இல் திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு. 1985-இல் எரிந்தது. அதைப் பற்றிய தமிழ் நினைவுக் கட்டுரைகளில் பழைய புத்தகக் கடைகள் வருகின்றன, கிராமபோன் தட்டுகள் வருகின்றன. அதைக் கட்ட அவையில் யார் பேசினார், யார் மறுத்தார், எந்தச் செலவு அதற்காகத் தள்ளிப்போனது என்பவை வருவதில்லை. நினைவேக்கமும் ஒருவகைச் செயப்பாட்டுவினைதான்.

இப்போது குற்றச்சாட்டை நம் பக்கமே திருப்புகிறேன். லிட்டன் பிரபு பூனாவுக்கு வந்தபோது வரவேற்புக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கும் தீர்மானத்தை 32 உறுப்பினருள் ஃபுலே ஒருவரே எதிர்த்து வாக்களித்தார் என்ற செய்தியை நாம் அனைவரும் பகிர்ந்திருக்கிறோம், நானும் பகிர்ந்திருக்கிறேன். அதனோடு ஒட்டிவரும் தேதி 1880 நவம்பர் 30. லிட்டன் அப்போது வைசிராய் அல்லர். 1880 ஜூனிலேயே ரிப்பன் பதவியேற்றுவிட்டார். நிகழ்வு பொய் என்று நான் சொல்லவில்லை. ஃபுலேயின் நிலைப்பாடு அவரது மற்றச் செயல்களோடு முற்றிலும் பொருந்துகிறது. தேதி மட்டும் பொருந்தவில்லை. இத்தனை நூல்களும் இத்தனை பதிவுகளும் அதை எடுத்து எழுதியபோது, எத்தனை பேர் ஒரு கணம் நின்று கணக்குப் பார்த்தோம்? ஃபுலேயைக் கொண்டாடும் நாமும், அவர் எதிர்வாக்கைப் பதிந்த ஏட்டைத் திறக்காமலே கொண்டாடுகிறோம். அதிகாரியைப் போற்றுபவர் எழுவாயை மறைக்கிறார். நாம் எழுவாயைச் சிலையாக்கிவிட்டுச் சான்றை மறைக்கிறோம். இரண்டாலும் இழப்பு அந்த அவைக்குறிப்புக்குத்தான்.

இது பழங்கதை என்று நினைப்போருக்காக இன்றைய நிலை. கேம்ப்பில் கண்டோன்மென்ட் வாரியத்துக்குத் தேர்தல் வழி உறுப்பினர் என்ற ஏற்பாடு 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அப்போதும் இன்றும் தலைவர் இராணுவ அதிகாரியே. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் காலம் 2021 பிப்ரவரியில் முடிந்தது. 2023 ஏப்ரல் 30-க்குத் தேர்தல் அறிவித்தார்கள். மார்ச்சில் அதை இரத்து செய்தார்கள். குடிமக்கள் வாழும் பகுதிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு நடக்கிறது. பேச்சு யாரோடு? நகரத்திலும் 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்த பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஆணையரே நிர்வாகியாக இருந்து ஆண்டார். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வழக்கு தேர்தலைத் தள்ளிப்போட்ட காரணங்களுள் ஒன்று. ஃபுலேயின் பெயரில் சந்தை வைத்திருக்கும் ஊரில், அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களின் இடம் எத்தனை என்பது முடிவாகாததால், அவையே இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளிலும் பணிகள் நிற்கவில்லை. பாலங்கள் கட்டப்பட்டன. சாலைகள் தோண்டப்பட்டன. மரங்கள் வெட்டப்பட்டன. ‘பட்டன’ என்ற ஈற்றைக் கவனியுங்கள்.

ஆகவே ஆய்வு மாணவத் தோழர்களிடம் கேட்பது மூன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரத்தைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு ‘கட்டப்பட்டது’வின் அருகிலும் நின்று, முடிவெடுத்தவர் யார், பணம் யாருடையது, மறுத்தவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கவில்லையெனில் அந்த வெற்றிடத்தையே ஆய்வேட்டில் எழுதுங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்பு. இரண்டாவது, உங்கள் ஊர் நகராட்சியின் பழைய அவைக்குறிப்புகள் எந்த அறையில், எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். கரையான் தின்பதற்குள் யாராவது பார்த்தாக வேண்டும். மூன்றாவது, ‘தேர்தல் இல்லாததால் சுத்தமாக இருக்கிறது’ என்ற வாக்கியம் அடுத்த முறை அவையில் எழும்போது, தலையசைக்காதீர்கள். நேரம் இல்லையென்றாலும் கை தூக்குங்கள். குறிப்பேட்டில் ஒரு மறுப்பாவது ஏறட்டும்.

தமிழில் ‘படு’ என்ற துணைவினைக்குத் தனிவினையாகவும் பொருள் உண்டு: துன்பத்துக்கு ஆளாவது. முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள் முடிவுகளைப் படுகிறார்கள். சந்தை கட்டப்படும்போது, கடையோடு பெயர்த்தெறியப்பட்டவர்களிடம் கேட்டால் இந்த இலக்கணத்தை அவர்கள் இன்னும் சுருக்கமாகச் சொல்லித்தருவார்கள்.