பிரிவுபசாரமா, கணக்குத் தீர்ப்பா?

தோட்டத்திலோ பட்டணத்திலோ ஓர் ஆசிரியர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்றால், நம்மவர் செய்யும் முதற் காரியம் ஒரு பிரிவுபசாரக் கமிட்டி அமைப்பது. இரண்டாவது காரியம், அக்கமிட்டிக்குத் தலைவர் யார் என்று பிணங்கிக்கொள்வது. மூன்றாவது, சந்தா வசூலித்துப் பொன்னாடை, ரோஜா மாலை, கண்ணாடிச் சட்டமிட்ட வந்தனோபசாரப் பத்திரம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது. குறித்த நாளில் பன்னிரண்டு கனவான்கள் பேசுவார்கள். ஆசிரியத் தொழில் புனிதமானது என்று பன்னிருவரும் சொல்வார்கள். ஆசிரியரும் குரல் தழுதழுக்க நன்றி கூறி, மறுநாள் விமானம் ஏறுவார். அவருடைய கடைசி மாதச் சம்பளம் எங்கே, சேமநிதி எங்கே, வருமானவரி தீர்ந்ததற்கு அத்தாட்சி எங்கே, இத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது எங்கே என்று அப்பன்னிருவரில் எவரேனும் கேட்டதுண்டா? நாம் அறிந்த அளவில் இல்லை.

இவ்வாறு எழுதுவதால் நன்றியுணர்ச்சிக்கு நாம் விரோதிகள் என்று சிலர் கோபிக்கக் கூடும். கோபிக்கட்டும். நன்றி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றியைத் துணியாகப் போர்த்திவிட்டு, கூலியைக் காற்றில் விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. வட சிலாங்கூரில் கெர்லிங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டியிருக்கும் நமது கலும்பாங்கையே எடுத்துக்கொள்வோம். பக்கத்திலுள்ள தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழும்பிற்று. மலாய் ஆசிரியர்களை முறையாகப் பயிற்றிச் சம்பளத்தோடு பள்ளிகளுக்கு அனுப்புவதற்காக அரசாங்கமே அதனை நிறுவிற்று. மறு ஆண்டு, 1923இல், தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அது விதித்தது. பள்ளிக்கூடம் வந்தது, வாத்தியார் வந்தாரா? எழுத்துத் தெரிந்த கங்காணி வாத்தியாரானார். சில தோட்டங்களில் கிராணி வாத்தியாரானார். வேறு சில தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போய் வந்த ஒருவரே பிற்பகலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். மலாய் ஆசிரியருக்குக் கல்லூரி. தமிழ் ஆசிரியருக்குத் துரையின் தயவு! அவர் வேலையை விட்டு நீங்கும்போது துரை கொடுத்ததே கணக்கு. கொடாவிட்டால் அதுவும் கணக்கே. தனியார் ஊழியருக்கென்று ஊழியர் சேமநிதிச் சட்டம் ஏற்பட்டதே 1951ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் டிரங்குப் பெட்டியோடு பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய வாத்தியார்களிடம் இருந்தவை ஒரு நற்சாட்சிக் கடிதமும், அதைவிட நீண்ட வாழ்த்துப்பாவும்தாம்.

பிறகு வேறொரு புறப்பாடு நேர்ந்தது. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969 முதல் நடைமுறைக்கு வந்து, பிரஜை அல்லாதார் பெர்மிட்டின்றி வேலை செய்ய இயலாதாயிற்று. பல்லாயிரம் தோட்டத் தமிழர் மூட்டை கட்டினார்கள். பெயர் செக்ரோலில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், கடவுச்சீட்டில் மற்றொரு விதம் என்றிருந்தால், சேமநிதி ஆபீஸில் அவர் மூன்று மனிதர் ஆவார்! முனியாண்டி, முனியண்டி, முனாண்டி ஆகிய மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் கப்பல் போய்விடும். ஒரு எழுத்துப் பிழை ஒரு ஆயுளின் சேமிப்பை விழுங்க வல்லது என்பதை அக்காலத்துக் குடும்பங்கள் அறியும். பேரப்பிள்ளைகளாகிய நாம் அதை மறந்துவிட்டோம்.

புறப்பாட்டில் பணக் கணக்குப் பேசுவது அற்பத்தனம் என்று கருதுவோர் இலங்கைச் சங்கதியையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றாயிற்று. மனிதரைச் சரக்கைப் போல் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தை நாம் மெச்சவில்லை. ஆயினும், போகிறவர் தம் சேமநிதியையும் உபகாரத் தொகையையும் உடன் கொண்டுபோக அனுமதி உண்டென்றும், ஒரு குடும்பம் கொண்டுபோகக் கூடிய உச்ச அளவை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அதிலேயே எழுத வேண்டியிருந்தது. இரண்டு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து எழுதிய விஷயம், நமது பிரிவுபசாரக் கமிட்டிக்கு மட்டும் எப்படி அற்ப விஷயமாகும்?

இன்றைய நிலைமைக்கு வருவோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இன்று அரசாங்கச் சம்பளம் பெறுகிறார். அவரைப்பற்றி இங்கே நாம் பேசவில்லை. தனியார் பள்ளிக்கும் கல்லூரிக்கும், சங்கீத நாட்டிய வகுப்புகளுக்கும் இந்தியாவிலிருந்து வந்து கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்க் கற்பிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்நிய நாட்டில் வேலை செய்து, அந்நாட்டை விட்டு நீங்கும் இவ்விரு வகையாரைப்பற்றியே பேசுகிறோம்.

மலேசிய வருமானவரிச் சட்டம் 1967ஆம் ஆண்டினது. ஊழியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கப் போகிறாரானால், புறப்படும் தேதிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே அவருடைய முதலாளி உள்நாட்டு வருமானவரி வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கென்று சிபி 21 என்னும் படிவம் இருக்கிறது. அதுமட்டுமன்று. அந்த ஊழியருக்குச் சேர வேண்டிய பணத்தை முதலாளி தம் கையில் நிறுத்தி வைக்க வேண்டும். வாரியத்தின் தீர்வுக் கடிதம் வந்த பிறகோ, வாரியம் படிவத்தைப் பெற்று 90 நாள் கழிந்த பிறகோதான் கொடுக்கலாம். அறிவிக்கத் தவறும் முதலாளிக்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது சட்டம்.

இதில் உள்ள சூட்சுமத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அறிவிக்க வேண்டியவர் முதலாளி. ஆனால் பணம் முடங்கி நிற்பது ஆசிரியருக்கு. முதலாளி படிவத்தைக் காலத்தில் அனுப்பினால், ஆசிரியர் புறப்படுமுன்பே தீர்வுக் கடிதம் வரக் கூடும். பணத்தைக் கையிலேயே வாங்கிக்கொண்டு போகலாம். புறப்படுவதற்கு முதல் நாள் அனுப்பினாலோ, ஆசிரியர் திருச்சிராப்பள்ளியில் இறங்கிய பிறகும் அவருடைய சம்பளம் சிலாங்கூரில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து அவர் எழுதும் கடிதத்துக்குப் பதில் போடக் காரியாலயத்தில் எவருக்கு அவசரம்? வாரியம் வரி பாக்கி இருப்பதாகக் கண்டால், அதே சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி அவர் நாட்டைவிட்டு நீங்குவதையே தடுக்கவும் கூடும். விமான நிலையத்தில் இச்செய்தியைக் கேட்கும் மனிதருடைய தோளில் பொன்னாடை இருந்தென்ன, இல்லாமலென்ன?

புறப்பட நல்ல நாள் பார்க்கச் சோதிடரிடம் ஓடுகிறவர்கள், இந்த 30 நாளை எண்ணுவதற்குக் காலண்டரைப் பார்ப்பதில்லை. இராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் நீங்கிவிடும். வரி வாரியத்தின் 90 நாள் அவ்வளவு எளிதில் நீங்காது.

நாளைப்பற்றி இன்னொன்றும் உண்டு. ஒரு ஆண்டில் 182 நாட்களேனும் இந்நாட்டில் இருந்தவரே பொதுவாக வரிச் சட்டத்தின் கண்ணில் இங்கே வசிப்பவர். அவருக்குப் படிப்படியான விகிதமும் கழிவுகளும் உண்டு. வசிப்பவர் அல்லாதாருக்கோ 2020 வரியாண்டு முதல் சம்பளத்தின்மீது ஒரேயடியாக நூற்றுக்கு 30. மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு அவ்வாண்டில் 182 நாள் எங்கே கிடைக்கும்? முந்தைய ஆண்டின் தொடர்ச்சியான வாசத்தோடு அந்த மாதங்களை இணைத்துக்கொள்ளச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் இடையில் சொந்தக் காரியமாக வெளியே போயிருந்த நாட்கள் மொத்தம் 14ஐத் தாண்டினால் அவ்விணைப்பு அறுந்துபோகக் கூடும். டிசம்பரில் தங்கையின் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்து வந்த ஆசிரியர், மார்ச்சில் வேலையை விட்டால், கல்யாணச் செலவோடு இந்தச் செலவையும் சேர்த்து எழுத நேரிடும். வேலையை விடும் மாதத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இதை அறிந்த ஒருவரிடம் கேட்பதில் என்ன கௌரவக் குறைவு?

சேமநிதிக்கு வருவோம். 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல், வீட்டு வேலையாட்கள் நீங்கலாக, பிரஜை அல்லாத ஊழியருக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று. ஊழியர் பங்கு நூற்றுக்கு 2, முதலாளி பங்கு நூற்றுக்கு 2. தொகை சிறிது. சிறிது என்பதாலேயே மறக்கப்படும். வேலை முடிந்து நாட்டைவிட்டு நீங்குகிறவர் விண்ணப்பித்தால் அப்பணத்தைப் பெறலாம். விண்ணப்பிக்காதவரைத் தேடிக்கொண்டு அது கப்பலேறி வராது. முதலாளியின் பங்கு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காலம் வேலையில் இருக்கும் காலமே.

பாஸ்போர்ட்டை நிர்வாகம் ‘பத்திரமாக’ வைத்திருக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஒருவருடைய பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி மற்றொருவர் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை; வைத்திருப்பவரே வெட்கப்பட வேண்டும்.

நம் ஊரிலிருந்து வெளியே போனவர்களின் கதை வேறு. சிங்கப்பூரில் பிரஜை அல்லாத ஊழியர் விலகும்போது முதலாளி ஒரு மாதத்துக்கு முன் ஐ.ஆர். 21 என்னும் படிவத்தை வரி வாரியத்துக்கு அனுப்பிப் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஐக்கிய அரபு நாட்டிலோ, 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் ஓராண்டு முடித்த ஊழியருக்கு, முதல் ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் பணிமுடிவுத் தொகையாக விதித்து, 14 நாளுக்குள் கணக்கைத் தீர்க்கவும் சொல்கிறது. ஆறாண்டு அங்கே கற்பித்த ஒருவர் 135 நாள் அடிப்படைச் சம்பளத்துக்கு உரியவர். “கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்” என்று அவர் கலும்பாங்குக்கு வந்து சொல்வாரானால், அவர் படித்த படிப்பு எதற்காக? எட்டாம் வாய்ப்பாட்டை மாணவன் தப்பாகச் சொன்னால் காதைத் திருகுகிறவர், தம் சொந்தக் கணக்கில் மட்டும் தாராள மனம் காட்டலாமா?

இங்கேதான் அந்தப் ‘புனிதத் தொழில்’ பிரசங்கம் வந்து குறுக்கே நிற்கிறது. ஆசிரியர் காசு பேசலாமா, குருவானவர் கணக்குக் கேட்கலாமா என்கிறார்கள். வைத்தியர் கேட்கிறார், வக்கீல் முன்பணமே கேட்கிறார், கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கும் விலை எழுதி ஒட்டியிருக்கிறது. ஆசிரியர் மட்டும் கேட்டால் புனிதம் கெட்டுப்போகும்! இந்தப் புனிதத்தால் இலாபம் அடைபவர் யார் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், முறையாக நோட்டீஸ் கொடுத்து முடிந்த வேலைக்குரிய சம்பளத்தை வேலை முடியும் நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. அச்சட்டத்தில் ஆசிரியருக்கென்று புனித விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. வரிக்காக நிறுத்தி வைப்பதென்றால் அதற்கும் தேதியும் படிவமும் இருக்கின்றன. “பிறகு பார்க்கலாம் வாத்தியாரே” என்பது எந்தச் சட்டத்திலும் காணப்படாத பிரிவு.

ஆசிரியர் தரப்பிலும் குற்றமில்லாமல் இல்லை. தோட்டத்தில் எழுத்தறிந்தவர் என்பதால் பத்துப் பேருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். சீட்டில் முதல் தவணையிலேயே பணத்தை எடுத்திருப்பார். மளிகைக் கடையில் கணக்கு நீண்டிருக்கும். வீட்டு வாடகை, மின்சாரம், பள்ளியில் வாங்கிய முன்பணம் ஆகியவை நின்றிருக்கும். இவற்றைச் சொல்லாமல் இரவோடிரவாகப் போகிறவருக்குப் பிரிவுபசாரம் நடத்துவது கடைக்காரரின் செலவில் நடத்தும் பிரிவுபசாரம். தமக்கு வர வேண்டியதைக் கண்டிப்பாகக் கேட்கிறவரே தாம் தர வேண்டியதையும் கண்டிப்பாகத் தருவார் என்பது நமது அனுபவம்.

ஆகவே கமிட்டிகளுக்கு நாம் கூறுவது இது. கலும்பாங்கிலும் கெர்லிங்கிலும் தஞ்சோங் மாலிமிலும் ஓய்வுபெற்ற கிராணிமாரும் பாங்கு ஊழியரும் நிறைய இருக்கிறார்கள். பேச்சாளர் பன்னிருவரில் பதினொருவரைக் குறைத்து, இவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ராஜிநாமாக் கொடுத்த வாரத்திலேயே அவர் உடனிருந்து, சம்பளச் சீட்டுகளையும், அவ்வாண்டுக்குரிய இ.ஏ. படிவத்தையும், சேமநிதிக் கணக்கையும், வேலை செய்த காலத்தைத் தேதியோடு காட்டும் சான்றிதழையும் ஒரு உறையில் சேர்க்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்த வேலைக்கு வேண்டியிருக்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சில் இங்கிருக்கும்போதே விண்ணப்பிக்கச் செய்யட்டும். கடைசிப் பணம் வந்து சேரும் வரை இங்குள்ள பாங்குக் கணக்கை மூடவேண்டாம் என்றும், இந்தியா திரும்பியதும் அங்குள்ள வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் எடுத்துச் சொல்லட்டும்.

பிறகு கூட்டம் போடுங்கள், மாலையும் போடுங்கள். வந்தனோபசாரப் பத்திரம் வாசிக்கப்படுமுன், நிர்வாகம் சிபி 21 படிவத்தை அனுப்பிய தேதியைக் காரியதரிசி எழுந்து வாசிக்கட்டும். வாசிப்பதற்குத் தேதி இல்லையென்றால், அன்றைய கூட்டத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, பொன்னாடையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.