குரங்கின் மேல் பழி

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கையின் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது, நாடெங்கும் மின்சாரம் போனது. இதை யாரால் தடுக்க முடியும் என்கிறார்கள் சிலர். இந்தச் சாக்குக்கு மூன்று பதில்கள்.

ஒன்று: குரங்கு தொட்டது ஓர் உபமின்நிலையத்தை. தொலைவில், மலையகத்து மடுல்சீமையில் மின்சாரம் ஏன் நின்றது? ஞாயிறு முற்பகல், தேவை குறைவு, சூரியமின்சாரம் அதிகம், சுழலும் கனத்த இயந்திரங்கள் சொற்பம். அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையமைப்பில் இல்லை.

இரண்டு: 2020 ஆகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டியில் கோளாறு, நாடே இருண்டது. அங்கும் குரங்கா?

மூன்று: "தேயிலைத் தோட்டத்துக்குக் குப்பிவிளக்கு போதாதா?" இந்தக் கேலி வேறு! கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால், மண்சரிவு எச்சரிக்கை தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கு எப்படி வரும்?

1989 மார்ச்சில் சூரியப் புயல் கனடாவின் கியூபெக்கையே அணைத்தது. அவர்கள் சூரியனைத் திட்டவில்லை, வலையமைப்பைத் திருத்தினார்கள்.