அருவியில்லா நாட்டில் நீர்வேட்கை

வெயிலில் நெடுவழி நடந்து அருவி காணச் செல்வது பயணிகள் பலர்க்குப் பெருவிருப்பு. சாக்கடற் கரையிலுள்ள எங்கேதியில், வறண்ட மலையிடுக்கினூடே கால்நோக நடந்து, ஈற்றில் வீழ்புனல் காண்போர் களிப்பு எளிதில் உணரத்தக்கதே. யாழ்ப்பாணத்துக்கோ மலையுமில்லை, பேராறுமில்லை, அருவி ஏது? ஆயினும், வெயிலில் நடந்து நீர் காணும் பேறு நமக்கும் உண்டென்பது என் துணிபு. அதற்குரிய இடம் நெடுந்தீவு.

தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். நண்பகலும் வேனிலுமே அதற்குரிய பொழுதாயின. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். நெய்தலும் அவ்வாறு திரிதலைக் காண விரும்புவோர் ஆடிமாதத்து உச்சிப்பொழுதில் நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளிடையே நடந்து பார்க்க. சுற்றிலும் கடல், நாவோ வறளும். நிழலுக்குப் பனை உண்டு. பனைநிழலின் அளவை யாவரும் அறிவர்!

குறிகாட்டுவானிற் படகேறி வருவோர் கோட்டையையும் பெருக்கமரத்தையும் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளையும் கண்டு, போத்தல் நீரைப் பருகி மீள்கின்றனர். அம்மண்ணில் மனிதரையும் குதிரைகளையும் வாழவைத்த கிணறுகளை எட்டிப் பார்ப்பார் அரியர். இதுவே என் மனக்குறை.

அக்கிணற்று நீர் வியத்தற்குரியது. மழைநீர் சுண்ணப்பாறையின் பொந்துகள் வழியே இறங்கி, கனங்குறைந்தமையால், அடியிலுள்ள உவர்நீர்மீது ஆடைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே 1 அடி குறையின், கீழே 40 அடி உவர் ஏறும் என்பதும் அக்கணக்கே. துலா மிதித்துப் பட்டையால் அள்ளிய காலத்து, ஊறுமளவே இறைத்தனர். நீரிறைக்கும் இயந்திரம் அவ்வளவறியாது.

கடல்நீரை நன்னீராக்கும் பெருநிலையம் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்டதே, இனிக் கிணறு எதற்கு என்பாருமுளர். அந்நிலையத்தை நான் பழிக்கவில்லை. குடிநீர் எவ்வழி வரினும் நன்றே. ஆனால் அந்நீருக்கு மின்விசையும் பணமும் நாடோறும் வேண்டும். மாரி தரும் நீருக்குக் காவல் ஒன்றே வேண்டும்.

பள்ளிச் சுற்றுலா வகுக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். காலைப் படகிற் சென்று, வெயில் ஏறுமுன் மாணாக்கரை ஒரு கிணற்றடியில் நிறுத்துக. கயிறிட்டு நீர்மட்டத்தை அளக்கட்டும். மார்கழியில் எவ்வளவு நின்றது, நீர் எப்போது சவர்க்கத் தொடங்கும் என ஊர் முதியோரைக் கேட்டு எழுதட்டும். கோட்டையைப் பிறகு பார்க்கலாம். அது எங்கும் போய்விடாது.