ஃபேன் வெச்ச ஹார்ட் டிஸ்க் டப்பா எங்க புழுதிக்கு ஆகாது

மெட்ராஸ்ல இருக்கற என் மச்சினர் மகன் போன மாசம் போன் பண்ணினான். "மாமா, உங்க ஊரு வெயிலுக்கு ஃபேன் வெச்ச ஹார்ட் டிஸ்க் டப்பா ஒண்ணு வாங்கி அனுப்பறேன். பழைய டிஸ்க்கையெல்லாம் அதுல போட்டு ஓட்டுங்க"ன்னான். வேண்டாம் சாமின்னேன். "சும்மா குடுத்தாலும் வேண்டாங்கறீங்களே"ன்னு அவனுக்கு வருத்தம். ஏன் வேண்டாம்னு போன்ல சொல்லி முடியல, அதான் எழுதறேன். அவனுக்கு மட்டும் இல்லைங்க, ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு ஆன்லைன்ல பாத்து இந்த மாதிரி சாமான் அனுப்பற எல்லாப் புள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கை ஒரு டப்பாக்குள்ள மாட்டி, யூஎஸ்பி வயர் வழியா லேப்டாப்போட சேர்த்துக்கலாம். லேப்டாப்புக்குள்ள வர்ற 2.5 இன்ச் சின்ன டிஸ்க்குக்கு அந்த யூஎஸ்பி வயர்ல வர்ற 5 வோல்ட்டே போதும். பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேணும், அதனால தனியா அடாப்டர் போட்டு சுவத்துல சொருகணும். நிமிஷத்துக்கு 5400, இல்லன்னா 7200 சுத்து சுத்தற சாமான் அது. ஓடும்போது 5 வாட்ல இருந்து 8 வாட் வரைக்கும் இழுக்கும், இழுத்தது பூரா சூடாத்தான் வெளிய வரணும். மூடின பிளாஸ்டிக் டப்பாக்குள்ள அது எங்க போகும்? அதுக்காகப் பின்பக்கம் 4 சென்டிமீட்டர்ல ஒரு குட்டி ஃபேன் வெச்சு, "கூலிங் வசதியோட"ன்னு அட்டைல போட்டு வித்தாங்க.

கொல்லிமலை அடிவாரம்னு சொன்னா சிட்டிக்காரங்களுக்கு உடனே குளுகுளுன்னு ஒரு நினைப்பு வந்துடுது. காரவள்ளியில இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. குளிர் அந்த வளைவுக்கெல்லாம் மேல. கீழ சேந்தமங்கலத்துல சித்திரை மாசம் மத்தியானம் சிமெண்ட் ஷீட் ரூமுக்குள்ள வந்து உக்காந்து பாருங்க. ஃபேன் காத்தை நகர்த்தும், காத்தைக் குளிர வைக்காது. ரூம் 40 டிகிரில இருந்தா, டப்பாக்குள்ள போறதும் 40 டிகிரி காத்துதான். எவ்வளவு நல்ல ஃபேனா இருந்தாலும் டிஸ்க் அதுக்குக் கீழ இறங்காது. ஏசி ரூம்ல வெச்சு சோதிச்சுட்டு எங்களுக்கு அனுப்பினா எப்படி?

சரி, 60 டிகிரிக்குப் போகாம 48ல நிறுத்தினாலும் லாபம்தானேன்னு கேப்பீங்க. லாபம்தான், ஃபேன் ஓடற வரைக்கும். எங்க ஊர்ல அது ஓடாது. காரணம் புழுதி.

மக்காச்சோளம் அடிக்கற நாள்ல டிராக்டரைப் பாத்திருக்கீங்களா? ரேடியேட்டருக்கு முன்னாடி ஒரு வலை இருக்கும். அரை நாள் ஓடினா சருகும் தூசியும் அதுல கம்பளி மாதிரி ஒட்டிக்கும். டிரைவர் முன்பக்க மூடியைத் திறந்து தட்டி ஊதிட்டு மறுபடி ஓட்டுவாரு. ஃபேன் வெச்ச கம்பெனிக்காரன் தூசியைத் தட்டறதுக்கும் வழி வெச்சான். அந்தப் புத்தி இந்த டப்பா செஞ்சவனுக்கு இல்லை. நான் வெச்சிருந்த டப்பால ஃபேனுக்கு முன்னாடி வலையும் இல்லை, பஞ்சும் இல்லை. தொடைக்கறதுக்கு நாலு ஸ்க்ரூ கழட்டணும். அதுல ஒண்ணு "கிழித்தால் வாரண்டி இல்லை"ங்கற ஸ்டிக்கருக்கு அடியில. வாரண்டியைக் காப்பாத்தணும்னா தூசியை வளக்கணும், தூசியை எடுத்தா வாரண்டி போச்சு. இந்த நியாயத்தை எந்த ஊர்ப் பஞ்சாயத்துல வைக்கறது?

ஒரு ஆடிக் காத்து தாண்டினதுமே ஃபேன் கர்ருன்னு கத்த ஆரம்பிச்சுது. இந்தக் குட்டி ஃபேன்ல மலிவானதுல எல்லாம் பால் பேரிங் இருக்காது, வெறும் புஷ்தான். உள்ள இருக்கற சொட்டு எண்ணெய் காய்ஞ்சா முடிஞ்சுது. நடு ஸ்டிக்கரை உரிச்சு தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். சத்தம் போச்சு. பரவால்லையேன்னு சந்தோசப்பட்டேன். அடுத்த வருசமும் சத்தம் இல்லை. ஏன்னா ஃபேனே நின்னு போயிருந்துது, எனக்குத்தான் தெரியல. நின்னா சொல்றதுக்கு அதுல ஒரு சிவப்பு லைட் கூடக் கிடையாது. முன்னாடி இருந்த நீல லைட் மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிஞ்சுட்டே இருந்துது.

நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு. ஃபேனை நம்பிச் செஞ்ச பிளாஸ்டிக் டப்பால, டிஸ்க் எந்த உலோகத்தையும் தொட்டுட்டு இருக்காது. ஃபேன் நின்னா சூடு வெளிய வர வேற வாசல் இல்லை. அதே டிஸ்க்கை ஃபேனே இல்லாத அலுமினிய டப்பால, பக்கம் ஒட்டற மாதிரி மாட்டினா, டப்பா முழுக்க சூட்டை வாங்கி வெளிய விடும். தொட்டா கை சுடும். சுடறதைப் பாத்து பயந்து சனங்க அதை வேண்டாங்கறாங்க. சுடுதுன்னா சூடு வெளிய வந்துட்டிருக்குன்னு அர்த்தம்ங்க. பிளாஸ்டிக் டப்பா மேல தொட்டா சில்லுன்னு இருக்கும், உள்ள டிஸ்க் வெந்துட்டிருக்கும்.

அப்படி வெந்த டிஸ்க்லதான் எங்க அப்பா பேசினது இருந்துது. அவரு போறதுக்கு முந்தின வருசம், எந்தக் கிணத்துல எப்ப தண்ணி எத்தனை அடியில இருந்துது, எந்த வரப்பை எப்ப யாரு நகர்த்தினாங்கன்னு களத்து மேட்டுல உக்காந்து 40 நிமிஷம் பேசினாரு. செல்போன்ல பிடிச்சு, இதுல ஏத்தி வெச்சுட்டு, செல்போன்ல இடம் இல்லைன்னு அழிச்சுட்டேன். அழிச்சது நான்தான், அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு நாள் டப்பாவைப் போட்டா டக், டக், டக்னு மூணு தரம் தட்டுச்சு, அவ்வளவுதான். சேலத்துல ஒரு கடையில காமிச்சேன். 18,000 ரூபா ஆகும், வந்தாலும் வரும் வராட்டாலும் போகும்னாங்க. அந்த வருசம் சின்ன வெங்காயம் இருந்த விலைக்கு நான் திரும்பி பஸ் ஏறிட்டேன்.

ஃபேன் நின்னதாலதான் டிஸ்க் செத்துதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்கும் வயசாகியிருந்துது. 2007ல கூகுள்காரங்க தங்ககிட்ட இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை போட்டாங்க. சூட்டுக்கும் டிஸ்க் சாகறதுக்கும் நாம நினைக்கற அளவுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லைன்னும், ரொம்ப அதிகமான சூடும் டிஸ்க்கோட வயசும் சேரும்போதுதான் வித்தியாசம் தெரியுதுன்னும் அதுல இருக்கு. என் கட்சிக்கு அது பாதி சாதகம், பாதி பாதகம். நம்ம வீட்டுல இருக்கற டிஸ்க் எல்லாமே வயசானதுதானே. ஆனா எனக்கு அதுல பட்டது வேற. சூட்டைப் பெரிய பூதமாக் காட்டி ஃபேனை வித்தவங்க, மத்ததையெல்லாம் மறைச்சுட்டாங்க.

கரண்ட்டை எடுத்துக்குங்க. பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டாலே எங்க வீட்டு லைட் மங்கும். கரண்ட் போனா லேப்டாப் பேட்டரில ஓடிட்டே இருக்கும், சுவத்துல சொருகின 12 வோல்ட் டப்பா மட்டும் பாதி எழுத்துல பொத்துன்னு நிக்கும். எழுதிட்டிருந்த ஃபைல் போச்சு, சில சமயம் டிஸ்க்ல இருக்கற மொத்தக் கணக்கும் குழம்பிடும். அதுக்கு எந்த ஃபேன் காவல்? 2.5 இன்ச் டிஸ்க்குன்னா லேப்டாப் பேட்டரியே அதையும் சேர்த்துத் தாங்கிடும். சாதாரணமா 2 வாட் பக்கம்தான் இழுக்கும், அதுக்கு ஃபேனே தேவையில்லை. கிராமத்துக்கு ஏத்த சாமான் அதுதான். கடைக்காரங்க அதைச் சொல்லிக் குடுக்க மாட்டேங்கறாங்க.

அதை விடப் பெரிய மறைப்பு, "இதுல போட்டு வெச்சா பத்திரம்"ங்கற பேச்சு. எந்த டப்பாவா இருந்தா என்ன, ஒரே ஒரு பிரதி எப்படிப் பத்திரமாகும்? ஓலைச்சுவடிங்க நம்ம கைக்கு வந்ததே, செல்லு அரிக்கறதுக்கு முன்னாடி யாரோ உக்காந்து புது ஓலைல படியெடுத்ததாலதான். என் அப்பா பேச்சை ஒரு 500 ரூபா பென் டிரைவ்ல இன்னொரு தரம் ஏத்தியிருந்தா இன்னைக்கு இந்தப் புலம்பல் இல்லை.

இப்ப மிச்சம் இருக்கற ரெண்டு பழைய 3.5 இன்ச் டிஸ்க்கை ஃபேன் இல்லாத அலுமினிய டப்பாலதான் போடறேன். வெங்காயப் பட்டறைக்கு அடியில கல்லு வெச்சுத் தூக்கிக் கட்டுவோமில்ல, காத்து கீழ போய் மேல வர்ற மாதிரி? அதே மாதிரி டப்பாவை ரெண்டு ரீப்பர் கட்டை மேல வெச்சுடுவேன். நாள் பூரா ஓட்டறதில்லை. 500 ஜிபி காப்பி பண்ண யூஎஸ்பி 2.0ல நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்த மாதிரி வேலையை விடியக்காலைல ஆரம்பிச்சு, வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுடுவேன். ரொம்ப சூடானா எதிர்ல டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சாப் போதும். அதோட இறக்கையைத் தொடைக்க எனக்கு யாரு வாரண்டியும் குறுக்க வராது. சூடு எவ்வளவுன்னு பாக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. எல்லா டப்பாவும் அதுக்குக் கணக்குக் காட்டாது, காட்டற டப்பாவாப் பாத்து வாங்கணும்.

மருமகன் நேத்து மறுபடி போன் பண்ணினான். "சரி மாமா, வேற என்னதான் வேணும்?"னான். 2.5 இன்ச்ல 1 டிபி டிஸ்க் ரெண்டு, ஒரே கடைல ஒரே நாள்ல வாங்காம, தனித்தனியா வாங்குன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணு எங்க வீட்டுல, ஒண்ணு அவன்கிட்ட. எனக்கு வேண்டியதைப் பார்சல்ல போட வேண்டாம், தூக்கிப் போடுவாங்க. பொங்கலுக்கு வரும்போது துணிக்கு நடுவுல சுத்தி, பஸ்ல மடியில வெச்சு எடுத்துட்டு வந்தாப் போதும்.