கொதிக்காமல் போகும் ஜலம்

"அப்பா! ஜலம் நூறு டிகிரியில் ஆவியாகும் என்று வகுப்பில் சொன்னார்கள். கொடியில் போட்ட புடவை அடுப்பில் ஏறாமலே உலர்ந்துவிடுகிறதே, அது எப்படி?" என்று என் பெண் கேட்டாள்.

நூறு டிகிரி என்பது ஜலம் கொதிப்பதற்குரிய கணக்கு. ஆவியாவதற்கு அவ்வளவு உஷ்ணம் வேண்டுவதில்லை. ஜலத்தின் மூலக்கூறுகள் யாவும் ஒரே வேகத்தில் ஓடுவனவல்ல. மேற்பரப்பில் மிகுந்த வேகத்தோடு இருப்பவை மற்றவற்றின் பிடியை உதறிக்கொண்டு காற்றில் கலந்துவிடுகின்றன. வேகமுள்ளவை போய்விடவே எஞ்சிய ஜலம் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருப்பதன் காரணம் இதுதான்.

சமுத்திரத்திலும் இதுவே நடைபெறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சூரியன் உப்பைக் கடலுக்கே விட்டுவிட்டு, நீரை மாத்திரம் கவர்ந்துகொள்கிறான். ஆவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலின் ஆவியே வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து நமக்கு மழையாகப் பொழிகிறது.

"அப்படியானால் ஏரி வற்றினால் என்ன? போன ஜலம் திரும்பி வந்துவிடுமே!" என்றாள் அவள்.

வரும், ஆனால் எடுத்த இடத்திலேயே கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை சூரியனுக்கு இல்லையே! இதை விளக்க, ஓர் அகன்ற தாம்பாளத்திலும் ஒரு சொம்பிலும் ஒரே அளவு ஜலம் ஊற்றி மொட்டை மாடியில் வைக்கச் சொன்னேன். மாலையில் தாம்பாளம் காய்ந்துவிட்டது. சொம்பில் குறைந்தது கொஞ்சமே. சூரியன் மேற்பரப்பை அளந்துதான் வரி வாங்குகிறான். ஆழத்தைப் பற்றி விசாரிப்பதில்லை.

நம் பக்கத்து ஏரிகளில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உயரமுள்ள ஜலம் இவ்வாறு ஆவியாகப் போகிறது. வண்டல் படிந்து ஒரு மீட்டர் ஆழமே நிற்கும் ஏரி, யாரும் ஒரு குடம் மொள்ளாவிட்டாலும் கோடைக்குள் வறண்டுவிடக்கூடும். ஆழமான ஏரியோ அடுத்த மழை வரை தாங்கும். 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை நாம் மறந்திருக்க முடியாது. மழை பொய்த்ததுதான் முக்கிய காரணம். ஆயினும் உள்ள நீரையும் வெயில் விட்டுவைப்பதில்லை.

நேயர்களே! உங்கள் ஊர் ஏரி தாம்பாளமா, சொம்பா? சித்திரை வெயிலில் அடிமண் தெரியும்பொழுது ஒருமுறை போய்ப் பாருங்கள். தூர் வாருவதற்கும் அதுவே தக்க சமயம்.