கூரையில் உள்ள கல்நார்

கல்லைப் போல் நெருப்பைத் தாங்குவதும், பஞ்சைப் போல் இழை இழையாகப் பிரிவதுமான கனிமம் ஒன்று உண்டு. அதனைத் தமிழில் கல்நார் என்பர். உலக வழக்கில் அதன் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். வெப்பத்தைத் தடுத்து, மின்சாரத்தைக் கடத்தாது, சிமெண்டுடன் கலந்தால் அதற்கு வலிவூட்டும் இப்பொருள், 20ஆம் நூற்றாண்டில் ஆலை, கப்பல், இரயில், வீடு ஆகிய எல்லாவற்றினுள்ளும் புகுந்தது. அது நுரையீரலுக்குக் கொடும் பகை என்பதும் அதே நூற்றாண்டில் ஐயமற நிறுவப்பட்டது. அதன் பயனை நுகர்ந்தோர் பலர்; அதன் தீங்குக்குப் பொறுப்பேற்போர் எவருமில்லாத இடங்கள் இன்னும் உள்ளன. மும்பையின் கிழக்கோரத்தில் அமைந்த மான்குர்த் அவற்றுள் ஒன்று.

சயான்–ட்ராம்பே சாலை தாணே கழிமுகத்தை நெருங்கும் பகுதியில் உள்ளது மான்குர்த். அதற்கு அண்மையில் தேவனார் குப்பைமேடு. மற்றொரு பக்கம் ட்ராம்பே. 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனி அகற்றப்பட்டபொழுது அங்கிருந்த மக்கள் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட சீட்டா கேம்ப்பும், தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அக்குடியிருப்பு, இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. இங்குள்ள சிறு வீடுகளுக்குக் கூரையாக அமைவன இரும்புத் தகரமும், மும்பையில் ‘சிமெண்ட் பத்ரா’ என்று வழங்கும் கல்நார்த் தகடும் ஆகும். தகட்டின் விலை குறைவு, அது துருப்பிடிப்பதில்லை, மும்பையின் பெருமழைக்கும் ஈடுகொடுக்கும். வருவாய் குறைந்த குடும்பங்கள் அதனை நாடியதில் வியப்பு ஏதுமில்லை.

தீங்கு விளையும் விதம்

தகட்டின் பெரும்பகுதி சிமெண்டே. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கல்நார். இன்று இந்தியாவில் தகடு செய்யப் பயன்படுவது கிரைசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார். பழுதில்லாத தகட்டின் கீழ் வாழ்வதால் நேரும் ஆபத்து சிறிது. ஆனால் தகட்டை அறுக்கும்பொழுதும், துளையிடும்பொழுதும், உடைக்கும்பொழுதும் நார் விடுபட்டுக் காற்றில் கலக்கிறது. பல்லாண்டு வெயிலும் மழையும் மேற்பரப்பை அரித்தபின், பழைய தகட்டைத் தேய்த்துக் கழுவினாலும் அவ்வாறே நிகழும்.

கண்ணுக்குப் புலனாகாத அந்நுண்ணிய நார், மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடைகிறது. தூசியை விழுங்கி அகற்றும் உடலின் காவல் அணுக்கள் நீண்ட நாரை விழுங்க மாட்டாமல் அழிகின்றன. விளைவு, ஓயாத அழற்சி. காலப்போக்கில் நுரையீரல் தழும்பேறி விறைப்பதே ஆஸ்பெஸ்டோசிஸ் நோய். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும் இதனாலேயே நேரலாம். புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகிறது. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் முடிபு.

நார் உட்புகுந்த நாளுக்கும் மீசோதீலியோமா வெளிப்படும் நாளுக்கும் இடையே 20 முதல் 40 ஆண்டுகளும், சிற்சில வேளை அதற்கு மேலும் செல்லும். இருபது வயதில் கூரை வேலை செய்த இளைஞன் அறுபதாம் வயதில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வரும்பொழுது, அந்தக் கூரையை நினைவுகூர்வார் யார்?

ஆலைச் சுவரைக் கடந்த தூசி

இங்கிலாந்தில் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் 1930ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, கல்நார் ஆலைத் தொழிலாளரின் நோயைத் தெளிவாக நிலைநாட்டியது. ஆயினும் இது தொழிலாளர்க்கு மட்டுமே உரிய துன்பம் என்ற எண்ணம் நீடித்தது. 1960ஆம் ஆண்டில் வாக்னர் முதலியோர் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்து வெளியிட்ட 33 மீசோதீலியோமா நோயாளிகளின் விவரம் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. சுரங்கத்தில் என்றும் உழைக்காமல், அதன் அருகே வாழ்ந்தவர்களும் அந்நோயாளிகளுள் இருந்தனர். ஜப்பானின் அமகசாகி நகரில் ஆலையொன்றைச் சுற்றி வாழ்ந்த பொதுமக்களும் இதே நோய்க்கு ஆளானது 2005ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மறு ஆண்டே தொழிலாளர் அல்லாத நோயாளிகளுக்கும் உதவி வழங்கும் சட்டத்தை ஜப்பான் இயற்றியது.

இந்தியாவிலும் சட்டம் உறங்கிவிடவில்லை. 1995ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொழிலாளரின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அறிவித்தது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், பணியில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகளோ, பணி முடிந்தபின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணுமாறு பணித்தது. நோய் நெடுங்காலம் மறைந்திருக்கும் என்பதை உணர்ந்த ஆணை இது.

ஆனால் பதிவேடு ஆலையில் இருப்பது. முலுண்டிலும் காட்கோபரிலும் பல்லாண்டுகள் இயங்கிய கல்நார் ஆலைகளின் தொழிலாளர் பெயர்கள் அதில் இடம்பெறக் கூடும். மான்குர்த்தில் தகட்டை அறுத்துப் பொருத்தும் கூலியாள், உடைந்த தகட்டை வாரும் துப்புரவுப் பணியாளர், காயலான்கடையில் பழைய கூரையைப் பிரிப்பவர், வீட்டிற்குள் விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டும் இல்லத்தரசி ஆகியோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இப்பகுதியின் கூரைகள் ஒருமுறை வேய்ந்தபின் அசையாமல் இருப்பவையும் அல்ல. 2004–05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மும்பையில் குடிசைகள் பெருந்தொகையாக இடிக்கப்பட்டபொழுது மான்குர்த்தின் மண்டாலா பகுதியும் அதற்கு இலக்காயிற்று. அதே மண்டாலாவின் பழம்பொருள் கிடங்குகளில் 2021 பிப்ரவரியில் பெருந்தீ மூண்டது. கடுந்தீயில் கல்நார்த் தகடு வெடித்துச் சிதறும் இயல்புடையது. இடிபாடு ஆயினும் தீ ஆயினும், எஞ்சியதை வெறுங்கையால் அள்ளுவோர் அங்கு வாழ்வோரே.

செய்யத்தக்கவை

நாரைச் சிமெண்ட் இறுகப் பிணைத்திருப்பதால் முறையாகக் கையாண்டால் தீங்கில்லை என்பது தகடு செய்வோர் வாதம். ஆலைக்குள் தூசி உறிஞ்சும் கருவியும் மேற்பார்வையும் அமைத்தல் கூடும். குறுகிய சந்தில், ஏணிமேல் நின்று அரமும் சுத்தியலும் பிடித்தவனுக்கு அம்முறையைக் கற்பிப்பவர் எவர்? பயன்படும் இடத்தில் நிறைவேற்ற இயலாத நிபந்தனையைப் பாதுகாப்பு எனக் கொள்வது பொருந்தாது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கல்நாரை விலக்கிவிட்டன. இந்தியா அதனை வெளிநாட்டிலிருந்து தருவித்துப் புதிய கூரைகளைச் செய்துகொண்டிருத்தல், நாளைய நோயை இன்றே விலைகொடுத்து வாங்குதலை ஒக்கும். கல்நார் கலவாத நார்ச்சிமெண்ட் தகடு, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு முதலிய மாற்றுகள் உள்ளன. விலை வேறுபாட்டை ஏழைகளின் தலையில் சுமத்தாது அரசு தாங்குதல் வேண்டும்.

எனினும், புதியதை நிறுத்துவதனால் மட்டும் பழையது மறைந்துவிடாது. தாராவி முதலிய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டங்கள் முன்னேறும்பொழுது எண்ணற்ற பழைய தகடுகள் இறங்கும். அச்சத்தால் மக்கள் தாமே கூரையை உடைக்கலாகாது. அதுவே பெருந்தீங்காய் முடியும். தகட்டை நீரால் நனைத்து, கொக்கியாணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்குதல் வேண்டும். அறுத்தலும், எறிதலும், உலர்ந்த தூளைக் கூட்டுதலும் கூடா. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் நன்று. இறங்கிய தகட்டைத் தடித்த உறையில் பொதிந்து பெற்றுக்கொள்ள மாநகராட்சி வட்டந்தோறும் ஓர் இடம் வேண்டும். இடிப்புக்கு ஆணை வழங்கும் அதிகாரியே இந்த ஏற்பாட்டுக்கும் பொறுப்பாதல் முறை.

இறுதியாக, பதிவேடு ஆலை வாயிலைக் கடந்து வருதல் வேண்டும். நெஞ்சுநோயுடன் வருபவரிடம், “என்ன தொழில் செய்தீர்? எத்தகைய கூரையின்கீழ் வாழ்ந்தீர்? கூரை வேலை செய்ததுண்டா?” என்று மருத்துவமனை வினவிக் குறித்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தொழில்நல ஆய்வுக்கென அமைந்த மத்தியத் தொழிலாளர் நிலையம் சயானில் உள்ளது. மான்குர்த்துக்கு அது தொலைவன்று. அந்நிலையமும், மாநகராட்சி மருத்துவமனைகளும், தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைகளும் இணைந்து முயன்றால் இப்பதிவு இன்றே தொடங்கக்கூடியது. நாற்பது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்குச் சான்று, இன்று எழுதி வைக்கும் அந்த ஒரு வரியே.