ஒரு கரண்டி ஓட்ஸும் ஒரு தட்டுச் சோறும்

பசியாற்றி ஊட்டம் தருவதற்கும் மேலாக, உடலின் ஏதேனும் ஓர் இயக்கத்தைச் சீராக்கி நோய்வாய்ப்பைக் குறைக்கும் உணவைச் ‘செயல்பாட்டு உணவு’ என்பர். 1980களில் ஜப்பானில் உருப்பெற்ற இக்கருத்துக்கு அந்நாடு 1991இல் சட்ட ஏற்பளித்தது. இந்தியாவில் இதற்கான விதிமுறைகள் 2016இல் அறிவிக்கப்பட்டன. விதிகளைவிட விளம்பரங்கள் வேகமாக வந்து சேர்ந்தன என்பது வேறு கதை.

இவ்வுணவுகளைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள், குடலில் கூழாகத் திரண்டு பித்த அமிலங்களைப் பிணைத்து வெளியேற்றிவிடுவதால், அவற்றை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் இதயநோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று உறையில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் இசைந்தபோதும், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலும் குறைந்த உணவின் பகுதியாக உண்டால் என்ற நிபந்தனையை அந்த வாசகத்திலேயே சேர்த்தது. பிஸ்கட்டில் தூவப்படும் ஓட்ஸ் அந்த 3 கிராமையும் எட்டாது, அந்த நிபந்தனையையும் நிறைவேற்றாது.

உணவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்துத் தனியே கொடுப்பது சில வேளைகளில் தீங்காகவும் முடியும். காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்ததைக் கண்டு, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வொன்றில், காய்கனிகளிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 1994இல் வெளியான முடிவின்படி, மாத்திரை உண்டவர்களிடம் அப்புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

இதற்கு நேர்மாறானது, 1997இல் வெளியான ‘டாஷ்’ எனப்படும் அமெரிக்க ஆய்வு. உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், காய்கனிகளையும் கொழுப்பு குறைந்த பால் பொருள்களையும் கூட்டி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த உணவுமுறையில், உயர் இரத்த அழுத்தம் உடையோரின் மேல் அழுத்தம் சராசரியாக 11 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. இது ஓர் இரத்த அழுத்த மாத்திரையின் பலனுக்கு இணையானது. பங்கேற்பாளர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், காய்கனிகளை மட்டும் கூட்டிய குழுவுக்கு ஏறத்தாழப் பாதிப் பலனே கிட்டியது. எதைச் சேர்ப்பது என்பதோடு, அது எதை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி என்று 2023இல் மதிப்பிட்ட ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின் வெளிச்சத்தில், எதை விலக்கி எதைச் சேர்ப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டுத் தட்டுக்கே வந்து சேர்கிறது. தீட்டிய அரிசிச் சோறு மூன்று வேளையும் அப்படியே இருக்க, அதன்மேல் வெந்தயமும் சத்துமாவும் சேர்வதால் பெரிதாக எதுவும் மாறாது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் நியாயவிலைக் கடைகள் வழியே 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரப்பட்டது சரியான திசையிலான முயற்சி. எனினும் கேழ்வரகை நைசாக அரைத்து வெல்லமிட்டுக் கஞ்சியாகக் குடித்தால் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறும்.

கேழ்வரகுத் திட்டத்தைவிட முதன்மையானது பருப்பு. புரதமும் நாரும் ஒருங்கே கொண்டு, சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும் பயறு வகைகளே ஏழைகளுக்கு எட்டும் செயல்பாட்டு உணவு. அரிசி அட்டைதாரர்களுக்கு மாதம் 20 கிலோ வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் இலவசமாக அரிசி வழங்கும் பொது விநியோகத் திட்டத்தில், துவரம் பருப்பு 1 கிலோ மட்டுமே மானிய விலையில் கிடைக்கிறது. நாட்பட்ட நோய்களுக்கு மருந்து வாங்கச் செலவிடும் அரசு, முதலில் அந்தப் பருப்பின் அளவை உயர்த்த வேண்டும்.